செடிகள் வடிகட்டும் குளம்

நுழையும் முன்

வீட்டுத் தோட்டத்திலும் பள்ளி வளாகத்திலும் சிறு குளம் அமைத்து மீன் வளர்ப்போர் பலர். சில வாரங்களில் அந்நீர் பச்சை நிறமாகிவிடுகிறது. சில வேளைகளில் மீன்களும் இறந்து மிதக்கின்றன. இதற்குக் காரணம் யாது? செடிகளைக் கொண்டே அந்நீரைத் தூய்மை செய்வது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் இப்பாடம் விடை கூறுகிறது. அறிவியல் வகுப்பில் வேறு மொழியில் கற்ற செய்திகள் சிலவற்றை இங்குத் தமிழில் காண்பீர்கள்.

1. வெளியேற வழியில்லாத நீர்

ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் வாழும் மீன்களின் கழிவை நீரோட்டம் அடித்துச் சென்றுவிடும். தோட்டக் குளத்து நீரோ நின்ற நீர். வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிச் செல்லும். அதில் கலந்த கழிவு அங்கேயே தங்கிவிடும். குறைந்த நீரை நாம் மீண்டும் நிரப்புகிறோம். நாள்தோறும் இரையும் இடுகிறோம். எனவே, குளத்திற்கு வரவு உண்டு, செலவு இல்லை.

இந்த வரவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மீன் இரையில் புரதம் மிகுதி. புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் ஆகும். 100 கிராம் இரையில் 30 கிராம் புரதம் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால், அதில் ஏறத்தாழ 5 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் ஒரு சிறு பகுதியே மீனின் உடலாக மாறுகிறது. எஞ்சியது கழிவாகவும் உண்ணப்படாத இரையாகவும் நீரில் சேர்கிறது. மீன்கள் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவுக்கே இரை இடவேண்டும் என்று அறிந்தோர் கூறுவது இதனால்தான்.

2. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன்கள் தம் உடலில் உண்டாகும் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக அம்மோனியாவாக வெளியிடுகின்றன. அம்மோனியா நீரில் கரைந்து நிற்கும். அதற்கு நிறம் இல்லை. ஆகவே, கண்ணாடிபோல் தெளிந்த நீரும் மீனைக் கொல்லக்கூடும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை முதலில் உணரவேண்டும்.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நீரில் வாழும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. அது குருதி ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனைக் குறைத்துவிடும். மற்றொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. இவ்விரு வகை நுண்ணுயிரிகளும் கூழாங்கல், வேர், குளத்தின் சுவர் ஆகியவற்றின்மேல் வழுவழுப்பான மெல்லிய படலமாகப் படிந்து வாழ்கின்றன. இவை பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். புதிதாகக் கட்டிய குளத்தில் முதல் நாளிலேயே பல மீன்களை விட்டால் அவை இறந்துபோவதற்கு இதுவே காரணம்.

நைட்ரேட்டாக மாறியதோடு சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த நீரில் கதிரொளி பட்டால், நுண்பாசிகள் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவிலோ மீன்களைப் போலவே அவையும் ஆக்சிஜனை உட்கொள்கின்றன. இதனால் விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். அவை இரை கேட்பதாக எண்ணிவிடக்கூடாது. அவை மூச்சுக்குத் திணறுகின்றன.

3. செடிகள் செய்யும் பணி

நுண்பாசி உண்ணும் அதே உணவைத்தான் நீர்ச்செடிகளும் உண்கின்றன. அம்மோனியா, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு ஆகியவற்றை வேர் வழியாகவும் இலை வழியாகவும் உறிஞ்சித் தம் தண்டும் இலையும் பூவுமாக மாற்றிக்கொள்கின்றன. உணவு குறைவதால் பாசி மெலிகிறது. மேலும், அடர்ந்த வேர்கள் நுண்ணுயிரிகளுக்கு உறைவிடமாகின்றன. நீரின் வேகத்தைத் தணித்து மண்டியைப் படியச் செய்கின்றன.

இப்பணிக்கு உதவும் செடிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

அ) கரையோரச் செடிகள்: இவற்றின் வேர் ஈரத்திலும் தண்டு காற்றிலும் இருக்கும். கல்வாழை, கோரை, வசம்பு ஆகியன இவ்வகையின. கல்வாழையை வட இந்திய நகரங்களின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் சிவப்பு, மஞ்சள் பூக்களுடன் பார்த்திருப்பீர்கள். வசம்பு நம் பாட்டிமார் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்து. ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் அதனை வழங்குவர்.

ஆ) இலை மிதக்கும் செடிகள்: அல்லியும் தாமரையும் சேற்றில் வேரூன்றி, இலைகளை நீர்மேல் பரப்புகின்றன. அவற்றின் நிழல் பாசிக்குக் கிடைக்கும் ஒளியைக் குறைக்கிறது. கோடையில் நீரையும் குளிர்விக்கிறது. வள்ளைக்கீரை கரையில் வேரூன்றி, கொடியாக நீர்மேல் படரும். வங்காளத்தில் ‘கல்மி’ என்ற பெயரில் விரும்பி உண்ணப்படும் கீரை இதுவே.

இ) மூழ்கி வளரும் செடிகள்: ஒளிச்சேர்க்கை ஆய்வுக்குப் பள்ளியில் பயன்படுத்தும் ஹைட்ரில்லா இவ்வகையைச் சேர்ந்தது. ஆய்வின்போது புனலுக்குள் எழும் குமிழ்கள் ஆக்சிஜனே. குளத்திலும் பகலில் இது நிகழ்கிறது.

செடிகள் பயன்தரும் என்பதற்காகக் குளம் முழுவதையும் அவற்றால் மூடிவிடலாகாது. நீர்மட்டம் காற்றைத் தொட்டால்தான் ஆக்சிஜன் நீரில் கரையும். ஆகவே, நீர்ப்பரப்பில் பாதியளவாவது திறந்திருப்பது நல்லது.

4. செடித்தொட்டி அமைத்தல்

மீன்களுள் சில வேர்களைக் கடித்து, மண்ணைக் கிளறும். எனவே, குளத்தை அடுத்துச் சற்று உயரத்தில் தனியாக ஒரு செடித்தொட்டி அமைப்பது சிறந்தது. அதன் பரப்பு குளத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். மீன்கள் மிகுதியானால் தொட்டியும் பெரிதாகவேண்டும்.

முதலில் குளத்து நீரின் அளவைக் கணக்கிடுங்கள். நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், ஆழம் 0.5 மீட்டர் எனில் கொள்ளளவு 1.5 கனமீட்டர்; அதாவது 1500 லிட்டர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இந்நீர் முழுவதும் ஒருமுறை தொட்டி வழியே சென்று வரவேண்டுமானால், மணிக்கு 750 லிட்டர் நீரை ஏற்றும் சிறிய மோட்டார் தேவை. மின் இணைப்பைப் பெரியவர்களே செய்யவேண்டும்.

தொட்டியின் அடியில் துளையிட்ட குழாயைப் பதித்து, அதன்மேல் நன்கு கழுவிய கூழாங்கற்களை நிரப்புக. செடிகளின் வேரிலுள்ள மண்ணை நீரில் அலசியபின் கற்களுக்கிடையே நடுக. எருவோ உரமோ இடவேண்டா. மீன் கழிவே அவற்றிற்கு உரம். குழாய் வழியே அடியில் புகும் நீர், கற்களையும் வேர்களையும் கடந்து மேலெழுந்து, விளிம்பில் வழிந்து, சிற்றருவிபோல் குளத்தில் விழும். அவ்வாறு விழும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கலக்கிறது.

இங்கு இரண்டு செய்திகளை மறத்தல் கூடாது. மோட்டார் இரவும் பகலும் ஓடவேண்டும். நீரோட்டம் நெடுநேரம் நின்றால், ஆக்சிஜன் இன்றித் தொட்டியிலுள்ள நுண்ணுயிரிகள் மடியும். அடுத்து, குளோரின் கலந்த குழாய் நீரை நேரே ஊற்றினால் மீனுக்கும் நுண்ணுயிரிக்கும் தீங்கு நேரும். திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்து ஊற்றலாம். கற்களில் மண்டி அடைத்தாலும் அவற்றைக் குளத்து நீரிலேயே அலசவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அலசக்கூடாது.

5. வெட்டி எடுத்தால்தான் தூய்மை

செடியை நட்டுவிட்டால் நீர் தானே தூய்மையாகும் என்று பலரும் எண்ணுகின்றனர். செடி, கழிவை அழிப்பதில்லை. தன் உடலுக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. இலை பழுத்து நீரில் விழுந்து அழுகினால், வாங்கியவை அனைத்தும் மீண்டும் நீருக்கே திரும்பும். அதன்பின் குளத்தின் நிலை முன்னிருந்ததைவிட மோசமாகலாம்.

ஆகவே, வளர்ந்த தண்டுகளையும் பழுத்த இலைகளையும் அவ்வப்போது வெட்டி வெளியே எடுக்கவேண்டும். நாம் இரையாக இட்ட நைட்ரஜன் இலையாக வெளியேறுகிறது. குளத்தின் கணக்கில் இதுவே செலவு. வெட்டியவற்றை எருக்குழியில் இட்டால், அவை தோட்டத்திற்கு உரமாகும்.

தில்லி, சண்டிகர் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. கடுங்குளிரில் செடிகளின் வளர்ச்சி குன்றும். நுண்ணுயிரிகளின் செயலும் மந்தமாகும். மீன்களும் குறைவாகவே உண்ணும். எனவே இரையைக் குறைத்து, வாடிய தண்டுகளை அழுகுமுன் அகற்றவேண்டும். கோடைக்குச் சரியாக இருக்கும் பழக்கம் குளிர்காலத்திற்குப் பொருந்தாது.

6. ஒரு நகரத்தின் குளங்கள்

இதே முறை ஒரு பெருநகரத்திற்கே பயன்பட்டு வருகிறது. கொல்கத்தாவின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் சதுப்பு நிலங்கள் உள்ளன. நகரத்தின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே இங்கு வருகிறது. மீனவர்கள் அதனை ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற மீன்குளங்களில் அளவறிந்து விடுகின்றனர். கதிரொளி, பாசி, பாக்டீரியா ஆகியவை சேர்ந்து கழிவை மாற்ற, மீன்கள் அந்தப் பாசியை உண்டு வளர்கின்றன. அருகிலுள்ள வயல்களில் காய்கறியும் நெல்லும் விளைகின்றன. நகரம் கழித்த நைட்ரஜன், மீனாகவும் காய்கறியாகவும் நகரத்திற்கே திரும்புகிறது.

துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர் இம்முறையின் அருமையை ஆராய்ந்து உலகிற்கு எடுத்துரைத்தார். 2002ஆம் ஆண்டில் இச்சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

பேரிகளின் கரையோரங்களில் வெங்காயத்தாமரையை வளர்க்கின்றனர். அது அலைகளால் கரை அரிக்கப்படாமல் காக்கிறது. நீரிலுள்ள நச்சு உலோகங்களையும் உறிஞ்சுகிறது. தமிழ்நாட்டில் ஆகாயத்தாமரை என்றும் இதனை அழைப்பர். இச்செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கட்டின்றி விட்டால் இரு வாரங்களில் இருமடங்காகப் பெருகவல்லது. வங்காளத்தின் ஆறுகளையும் நெல்வயல்களையும் மூடிப் படகுப் போக்குவரத்தையே நிறுத்தியதால், 1936ஆம் ஆண்டில் இதனை ஒழிக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வேலிக்குள் காவலனாக நிற்கும் செடி, வேலி கடந்தால் பகையாகிறது.

எனவே மாணவர்களே, உங்கள் குளத்தில் மிகுந்த செடியை அருகிலுள்ள ஏரியிலோ கால்வாயிலோ எறியாதீர்கள். ஒரு சிறு துண்டும் அங்குத் தழைத்துவிடும். அதனை வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இடுங்கள்.

சொற்பொருள்

செவுள் – மீனின் மூச்சு உறுப்பு
மண்டி – நீரின் அடியில் படியும் கசடு
மந்தம் – வேகக் குறைவு
சதுப்பு நிலம் – நீர் தேங்கிச் சேறாக இருக்கும் நிலம்
எருக்குழி – குப்பையை மக்கச் செய்து உரமாக்கும் குழி

பயிற்சி

1. ‘தெளிவு வேறு, தூய்மை வேறு’ – இத்தொடரை ஒரு சான்றுடன் விளக்குக.
2. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வருவது ஏன்?
3. குளத்தின் ‘வரவு’, ‘செலவு’ எனப் பாடம் குறிப்பிடுவன யாவை?
4. ஒரு குளத்தின் நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் 0.5 மீட்டர். அதன் கொள்ளளவு எத்தனை லிட்டர்? இரண்டு மணி நேரத்தில் நீர் முழுவதும் ஒருமுறை சுழல, மணிக்கு எத்தனை லிட்டர் ஏற்றும் மோட்டார் தேவை?
5. பிரித்து எழுதுக: நீர்ப்பரப்பு, கதிரொளி, எருக்குழி.
6. குளம், குட்டை, ஏரி, ஊருணி, பொய்கை – இவற்றின் வேறுபாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. அவர்களது சொந்த ஊரிலுள்ள ஒரு நீர்நிலையின் பெயரையும், அதில் வளரும் செடிகளின் பெயர்களையும் சேர்த்து எழுதுக.
7. நீங்கள் இப்போது வாழும் ஊரிலுள்ள ஒரு குளத்தையோ ஏரியையோ பார்த்து, அந்நீரின் நிறம், அங்குள்ள செடிகள், அதில் வந்து சேரும் கழிவு ஆகியவற்றைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.