நீதி சொன்னவர்கள் – 11: சந்துருவும் செங்கல்பட்டு இல்லமும்

2022 டிசம்பர் இறுதியில், பேட்டரி திருடியதாகச் சொல்லி, தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவனை ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில் அடைக்கப்பட்ட அவன், டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். உடம்பில் அடிபட்ட காயங்கள். கண்காணிப்பாளர் உட்பட இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிள்ளைகளைத் திருத்திக் காப்பாற்றவென்று சட்டம் கட்டிவைத்த இடத்தில்தான் இது நடந்தது.

தமிழகச் சிறார் இல்லங்களைச் சீர்திருத்த வழி சொல்லும்படி 2023-ல் அரசு ஒருநபர் குழு அமைத்தபோது, அந்தப் பொறுப்பு நீதிநாயகம் கே.சந்துருவிடம் வந்தது. அவர் ஓய்வுபெற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்பேன். பூட்டிய அறைக்குள் அடித்துக் கொல்லப்பட்ட ஒருவருக்காக வழக்காடியவர் அவர்.

1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாக்கண்ணு வீடு திரும்பவில்லை. அவர் மனைவி பார்வதிக்காக ஆட்கொணர்வு மனு போட்டு, கட்டணம் வாங்காமல் வாதாடினார் வழக்கறிஞர் சந்துரு. ‘தப்பியோடிவிட்டான்’ என்ற போலீஸின் கதை உயர் நீதிமன்றத்தில் உடைந்தது. அந்த வழக்கிலிருந்து பிறந்த ‘ஜெய் பீம்’, குறவரான ராஜாக்கண்ணுவை இருளராகக் காட்டியது.

படம் வெளியானது 2021 நவம்பர் 2. அதற்குச் சில நாள் முன்புதான் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தனக்குச் சாப்பாடு மறுக்கப்பட்டதை ஒரு நரிக்குறவப் பெண் ஊரறியச் சொல்லியிருந்தார். நவம்பர் 4, தீபாவளியன்று முதல்வர் ஸ்டாலின் பக்கத்திலிருக்கும் பூஞ்சேரிக்கே போய், நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் படம் பார்த்துக் கலங்கிய நாம், அடுத்த ஆண்டே இதே மாவட்டத்தில் ஒரு பிள்ளையைச் சாகவிட்டோம். அதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

சந்துரு 1951-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். மாணவர் போராட்டத்துக்காக லயோலா கல்லூரி வெளியேற்ற, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். இடதுசாரி மாணவர் இயக்கம், தொழிலாளர் வழக்குகள் என்று வளர்ந்தவர், 2006-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். ‘மை லார்டு’ வேண்டாம், டவாலி வேண்டாம், பாதுகாவலரும் வேண்டாம் என்றார். இந்த எளிமையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய உழைப்புதான் பெரிதாகப் படுகிறது. ஒரே மாதிரியான வழக்குகளைச் சேர்த்துக் கட்டி விசாரித்து, ஆறரை ஆண்டுகளில் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். பெண் பூசாரிக்கு உரிமை, சாதி பாராத பொதுச் சுடுகாடு, சத்துணவு மையப் பணிகளில் இட ஒதுக்கீடு எல்லாம் அவருடைய தீர்ப்புகளில் வந்தவை. ஒரு சமையல் வேலைக்காக நீதிமன்றப் படியேறியவரை அவர் காத்திருக்க வைக்கவில்லை. 2013 மார்ச் 8-ல் பிரிவுபசார விழா வேண்டாமென்று சொல்லி, அரசு காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்பினார்.

சிறார் இல்லங்களைப் பற்றிய அறிக்கையை அவர் 2023 நவம்பரில் கொடுத்தார். இந்த இல்லங்களுக்கென்றே தனித்துறை வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அரசு அதைக் கிடப்பில் போடக் கூடாது. அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஆட்கொணர்வு மனு போடக்கூட ஆள் கிடையாது.

அந்த அறிக்கை வருவதற்குள் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். அதையொட்டி அரசு அமைத்த ஒருநபர் குழுவின் பொறுப்பும் சந்துருவிடம்தான் வந்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை கிளப்பிய சர்ச்சையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)