இடப்பக்கம் மறந்த கண்கள்

இத்தாலி நாட்டின் மிலான் நகரில் புகழ்பெற்ற பேராலயம் ஒன்று உண்டு. அதன் எதிரே பரந்த சதுக்கம். அந்நகரத்தார் இருவரிடம் எடுவார்தோ பிசியாக், கிளாவுதியோ லுஸ்ஸாத்தி என்னும் ஆய்வாளர்கள் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். “ஆலயத்தை நோக்கி நிற்பதாக மனத்தில் எண்ணி, சதுக்கத்தில் தெரிவனவற்றைக் கூறுங்கள்.” இருவரும் பெரிதும் வலப்பக்கத்துக் கட்டடங்களையே கூறினர். பின்னர், ஆலய வாயிலில் நின்று எதிர்த்திசையில் நோக்குவதாக எண்ணச் சொன்னபோது, முன்பு விடுபட்டவை வந்தன. முன்பு கூறியவை மறைந்தன. நினைவில் முழுச் சதுக்கமும் இருந்தது. கவனம் மட்டும் இடப்பக்கம் செல்லவில்லை. 1978இல் வெளிவந்த இவ்வாய்வு மருத்துவ உலகில் இன்றும் பேசப்படுகிறது.

அவ்விருவருக்கும் மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டிருந்தது. பக்கவாதத்தால் வலப்பாதி தாக்குண்ட பலருக்கு இந்நிலை நேர்வதுண்டு. கண்ணில் பழுதிராது, ஆயினும் இலையின் இடப்பக்கத்து உப்பும் ஊறுகாயும் தொடப்படாமலே கிடக்கும். நெற்றியில் இடும் திருநீறு வலப்பாதியோடு நின்றுவிடும். வீட்டிலுள்ளோர் இதைப் பிடிவாதம் என்றோ, மறதி என்றோ எண்ணிக் கடிந்துகொள்வர். பாவம், தாம் எதையேனும் விட்டுவிட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதற்கான பயிற்சி, பார்வையை இடப்பக்கம் வலிந்து திருப்பக் கற்பிப்பதே. 1970களில் நியூயார்க் நகரின் ரஸ்க் மறுவாழ்வு நிலையத்தில் லியோனார்ட் டில்லரும் அவருடன் பணியாற்றியோரும் இம்முறையை வளர்த்தனர். நூலின் பக்கத்தில் இடவோரம் தடித்த கோடு ஒன்று இடப்படும். அக்கோட்டைக் கண்ட பின்னரே வரியைப் படிக்கத் தொடங்க வேண்டும். கலங்கரை விளக்கின் ஒளிபோல் தலையையும் கண்ணையும் இடக்கோடி முதல் வலக்கோடி வரை சுழற்றும் பயிற்சியும் பிற்காலத்தில் வந்தது. படிப்பதில் முன்னேற்றம் காணப்பட்டது மெய். அன்றாட வாழ்வில் அது எவ்வளவு நிலைக்கும் என்பதில் வல்லுநரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

பார்வையைப் பழக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, ஆறு தூய்மைக் கிரியைகளுள் ஒன்றாகத் திராடகத்தைக் கூறுகிறது. கண்ணீர் பெருகும்வரை ஒரு சிறு பொருளை இமையாது நோக்குதலே அது. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. திராடகம் நோக்கை ஓரிடத்தில் நிறுத்துவது. இச்சிகிச்சையோ ஓரிடத்தில் சிக்கிய நோக்கைப் பெயர்த்து நகர்த்துவது. பக்கவாதம் கண்டவரை விளக்கின்முன் அமர்த்தி உற்றுநோக்கச் செய்வது இதற்கு மருந்தாகாது. மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் வகுக்கும் பயிற்சியே முதன்மை.

ஆலயத்தில் உறவினர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வலம் வருகையில் கருவறை வலக்கைப் பக்கம் அமையும். தூண்களும் படிகளும் மேடைகளும் இடப்பக்கம் வரும். இந்நிலையில் இருப்பவர் மோதிக்கொள்ளும் பக்கமும் அதுவே. ஆதலால் உடன் செல்பவர் இடப்புறமாகவே நடத்தல் வேண்டும். “இந்தத் தூணில் யார் இருக்கிறார், பாருங்கள் அப்பா” என்று கேட்டு, அவர் தலை திரும்பும்வரை அங்கேயே நிற்கலாம். அதன் பின்னர் அடுத்த தூண்.