எந்த விதி முந்தும்?

மயிலம் தமிழ்க் கல்லூரியில் புணர்ச்சி இலக்கணம் பயிலும் மாணவருக்கு, திரு, அருள் என்னும் சொற்கள் உடம்படுமெய் பெற்றுத் ‘திருவருள்’ ஆவதும், வீடு, எல்லாம் என்பவை ‘வீடுவெல்லாம்’ ஆகாமல், குற்றியலுகரம் கெட்டு ‘வீடெல்லாம்’ ஆவதும் பழகிய பாடம். நன்னூலில் உடம்படுமெய்க்கான பொதுவிதி முன்னும் குற்றியலுகரத்துக்கான சிறப்புவிதி பின்னும் நின்றாலும், குற்றியலுகரம் வரும் இடத்தில் சிறப்புவிதியே செல்லும்.

விதிகள் மோதும்போது எது செல்லும் என்னும் இவ்வினா, மென்பொருளைக் கட்டமைக்கும் கருவிகளிலும் எழுகிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ அவற்றுள் மூத்த ஒன்று. எந்தக் கோப்பை எதிலிருந்து, எக்கட்டளையால் ஆக்குவது என்னும் விதிகளை ‘மேக்ஃபைல்’ என்ற கோப்பில் எழுதிவைத்தால், மாற்றம் கண்ட கோப்புகளுக்குரிய வேலையை மட்டும் அது செய்து முடிக்கும். அதன் கட்டற்ற வடிவமான குனு மேக் இன்று பரவலாக வழங்குகிறது.

ஒரு மேக்ஃபைலில் முதலில் ‘%.பக்கம்’ என்றும், அடுத்து ‘கவிதை-%.பக்கம்’ என்றும் இரு விதிகள் இருப்பதாகக் கொள்ளலாம். இங்கே ‘%’ குறி எந்தப் பெயருக்கும் இடம் தரும். அவ்விடத்தில் வந்து அமரும் பகுதி ‘தண்டு’ எனப்படும். ‘கவிதை-மழை.பக்கம்’ என்ற கோப்பை ஆக்கும்போது பொதுவிதியில் ‘கவிதை-மழை’ முழுவதும் தண்டாகிறது. சிறப்புவிதியிலோ ‘மழை’ மட்டுமே தண்டாகிறது. 2006இல் வெளிவந்த 3.81 பதிப்பு, வரிசையில் முதலில் பொருந்திய பொதுவிதியை எடுத்துக்கொள்ளும். 2010இல் வந்த 3.82 முதலாக, தண்டு எதில் குறுகியதோ அவ்விதியே முந்தும். தண்டுகள் சம நீளமாயின் மட்டுமே எழுதிய வரிசை கணக்கில் வரும். பழைய நடைமுறையோடு இது ஒத்துப்போகாது என்று அப்பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பே எச்சரித்தது.

ஆப்பிள் கணினிகளுக்கான நிரலாக்கக் கருவிகளோடு 3.81 பதிப்பும், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் 4ஆம் வரிசைப் பதிப்புகளும் கிடைப்பதால், ஒரே மேக்ஃபைல் இரு கணினிகளில், எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமலே, இருவேறு விளைவுகளைத் தரக்கூடும்; பிழை நிரலில் இருப்பதாக எண்ணித் தேடுவோர் விதிகளின் வரிசையை ஐயுறுவதே இல்லை.

சிறப்புவிதியை முதலிலும் பொதுவிதியைப் பின்னும் எழுதினால், வரிசையைப் பார்க்கும் பழைய பதிப்பும் தண்டை அளக்கும் புதிய பதிப்பும் ஒரே விதியையே எடுக்கும். எனவே விதிகளை அவ்வரிசையில் அமைத்து, எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதையும் மேக்ஃபைலின் தலைப்பிலேயே குறித்துவைப்பது, அக்கோப்பைப் பின்னாளில் கையாள வருவோருக்கு நிரலர் செய்யவேண்டிய கடமையாகும்.