ஞானாம்பாளுக்கு விழுந்த மாலை

வாரிசில்லாமல் ராஜா இறந்தால் பட்டத்து யானை மாலையோடு புறப்படும். அது யார் கழுத்தில் போடுகிறதோ அவரே அரசர்! பாட்டி சொல்லி நீங்களும் கேட்ட கதைதான். பெரும்பாலும் மாலை விழுவது ஓர் ஏழைப் பையனுக்கு.

விக்டோரியா மகாராணி காலத்தில், 1879-ல், வெளிவந்த தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும் அந்த யானை வருகிறது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கணவனைத் தேடி ஆண் வேடத்தில் வந்த ஞானாம்பாளுக்கு மாலை போட வைத்தார்! அவளும் செம்மையாக அரசாண்டாள்.

பெண்கள் படிப்பதே அபூர்வமான காலம் அது. படித்தவள் நாடாளவும் வல்லவள் என்று சொல்ல, பாட்டி கதையே அவருக்குக் கை கொடுத்தது. ஆனாலும் அரியணை ஏற ஆண் வேடம் வேண்டியிருந்ததே, கவனித்தீர்களா?

இனி உங்கள் பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, அந்த வேடத்தை மட்டும் கலைத்து விடுங்கள்!