நீலச் சிலந்தியும் முதிர்ந்த மரமும்

தில்லி ஜனக்புரியின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்குச் சிலந்தி என்றதும் நினைவுக்கு வருவது ஒட்டடையே. ஆனால், கால்களை விரித்தால் உள்ளங்கையையும் விஞ்சும் ‘டரான்டுலா’ என்னும் பெருஞ்சிலந்திகளும் நம் நாட்டில் உண்டு. அவற்றுள் ஒன்று ஒளிரும் நீல நிறத்தால் உலகப் புகழ் பெற்றது.

ஆந்திரத்தின் குத்தி என்னும் ஊரில், இரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு சிலந்திக்கு, 1899ஆம் ஆண்டு ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் போக்காக் ‘பொயிசிலோத்தீரியா மெட்டாலிகா’ எனப் பெயரிட்டார். பின்னர் நூறாண்டுக்கும் மேலாக அறிவியலார் எவரும் அதைக் காணவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. குத்தியிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வெட்டிய மரங்களோடு இரயிலேறி வந்த சிலந்தியே அன்று கிடங்கில் அகப்பட்டிருக்கும் எனக் கருதப்படுகிறது.

இதன் கால் விரிவு 15 முதல் 20 சென்டிமீட்டர். நீல நிறம் சாயத்தால் வந்ததன்று. மயிர்களின் நுண்ணமைப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. பகலில் மரப்பொந்தில் ஒடுங்கி, இரவில் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். பெண் சிலந்தி பத்தாண்டுகளுக்கு மேல் வாழும். ஆணின் ஆயுள் மூன்று நான்கு ஆண்டுகளே. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். எனினும் உயிரிழப்பு ஏற்பட்டதாகப் பதிவில்லை.

மனிதரால் அதற்கு நேரும் தீங்கோ பெரிது. நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பே அதன் வாழிடமாக அறியப்பட்டுள்ளது. விறகுக்காகவும் மரத்துக்காகவும் காடு அழிகிறது. அழகுக்காகச் சிலந்தியும் பிடிக்கப்பட்டு வெளிநாடுகளில் வளர்ப்புயிராக விற்கப்பட்டுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008இல் இதனை மிக அருகிய இனமாக அறிவித்தது. இப்பேரினத்தின் பன்னாட்டு வணிகம் 2019 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

இதன் உறவினமான மற்றொரு பெருஞ்சிலந்தி இலங்கையின் வடபகுதியில் வாழ்கிறது. மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் அது காணப்பட்டது. முதிர்ந்த மரங்கள் குறைந்ததால் கட்டடங்களை நாடியது என்பர் ஆய்வாளர்.

மரக்கன்றை ஒரே நாளில் நட்டுவிடலாம். சிலந்தி குடியிருக்கும் பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். முதலைக் காத்தால்தான் வட்டி வரும் என்பதை வங்கி வாடிக்கையாளர்களாகிய தாங்கள் நன்கறிவீர்கள். முதிர்ந்த மரமே காட்டின் முதல். அதைக் காப்பதே இச்சிலந்தியைக் காப்பதாகும்.