வெள்ளிக்கும் செம்புக்கும் நடுவே பதினைந்து டிகிரி

ஆம்ப்ளிஃபையர் வாங்கியாயிற்று, ஸ்பீக்கரும் வந்தாயிற்று. இரண்டையும் இணைக்க ஒயர் வேண்டும். கடையில் செம்பு ஒயரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். வெள்ளி ஒயர் வெல்வெட் பெட்டியில் வருகிறது. எடைக்கு எடை பார்த்தால் வெள்ளியின் விலை செம்பைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அந்தக் காசுக்கு ஒயருக்குள் என்னதான் கூடுதலாக நடக்கிறது?

ஒரு விஷயத்தில் வெள்ளி விற்பவர் சொல்வது உண்மை. சாதாரண வெப்பநிலையில் உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள வெள்ளிக் கம்பியின் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 0.0159 ஓம். அதே அளவு செம்புக் கம்பிக்கு 0.0168 ஓம். செம்பின் தடை ஏறத்தாழ 6 சதவீதம்தான் அதிகம். தங்கத்தை நம்பிப் போனால் 0.0244 ஓம், செம்பிடமே தோற்றுவிடும்.

வெள்ளி முந்துவது எப்படி? அதில் எலக்ட்ரான்கள் அதிகம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளியில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் செம்பில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. ஆனால் வெள்ளிக்குள் ஓர் எலக்ட்ரான் எதிலும் முட்டாமல் சராசரியாக 53 நானோமீட்டர் போகிறது, செம்பில் 40தான். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.) 40 நானோமீட்டருக்குள் நூற்றைம்பது அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அத்தனையையும் முட்டாமல் கடப்பதே ஆச்சரியம். ஒழுங்காக நட்ட பந்தல் கால்களுக்கு இடையே குழந்தைகள் சிரமமில்லாமல் ஓடிவிடுவார்கள். கால்களே ஆடத் தொடங்கினால்தான் முட்டல். உலோகத்திலும் அப்படித்தான். அணு நிற்பது தடையில்லை, அது அதிர்வதுதான் தடை.

அணுக்களை அதிரவைப்பது வெப்பம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இரு உலோகங்களிலும் தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். 35 டிகிரி அறையில் கிடக்கும் வெள்ளி ஒயருக்கும், ஏசியில் 20 டிகிரிக்குக் குளிர்ந்த செம்பு ஒயருக்கும் தடை ஒன்றே. நூறு மடங்கு விலை வித்தியாசத்தைப் பதினைந்து டிகிரி துடைத்துவிடுகிறது.

அந்த எலக்ட்ரான்களின் ஓட்டமும் விசித்திரமானது. செம்புக்குள் அவை நொடிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எல்லாத் திசையிலும் பாய்கின்றன. ஆனால் வீட்டு ஒயரிங்கில் வழக்கமான 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டம் விட்டால், அந்தக் கூட்டம் மொத்தமாக முன்னேறுவது நொடிக்கு 0.03 மில்லிமீட்டர். ஐந்து மீட்டர் கடக்க இரண்டு நாள் ஆகும். பாட்டுக்கு அந்த இரண்டு நாள் பயணமும் கிடையாது. இசை மின்னோட்டம் திசை மாறிக்கொண்டே இருப்பதால் கூட்டம் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. நொடிக்கு ஆயிரம் அதிர்வுள்ள சுரத்தில் ஒரு பக்கத்து ஊசல் 5 நானோமீட்டர்கூட வராது. ஏறத்தாழ இருபது அணு தூரம்!

அப்படியானால் பாட்டை ஸ்பீக்கருக்குக் கொண்டுவருவது யார்? 1884இல் இங்கிலாந்தின் ஜான் ஹென்றி பாயின்டிங் விடை சொன்னார். ஆற்றல் உலோகத்துக்குள் போவதில்லை. ஒயரைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அதை வெளியே ஏந்திச் செல்கின்றன. உலோகம் வழிகாட்டுகிறது, அவ்வளவே. உள்ளே நுழைகிற சிறு பங்குதான் சூடாகி வீணாகிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள போட்டியெல்லாம் அந்த வீணாகும் துளியின் அளவைப் பற்றியது.

அந்தத் துளியைக் காதுக்குக் கொண்டுவருவோம். 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், ஐந்து மீட்டர் தூரம். போக வரப் பத்து மீட்டர் கம்பி. செம்பில் தடை 0.0672 ஓம், வெள்ளியில் 0.0636. எட்டு ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் வித்தியாசம் 0.004 டெசிபல். டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு. ஒரு டெசிபல் மாற்றத்தையே பலர் கவனிப்பதில்லை. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் தலையை ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே நீட்டினால், திறந்தவெளிக் கணக்கில் அதே அளவு சத்தம் கூடிவிடும்.

இத்தனைக்கும் ஒயர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் செம்புதான். ஸ்பீக்கரின் கூம்பை ஆட்டும் வாய்ஸ் காயில், அதாவது காந்தத்துக்கு நடுவே அசையும் கம்பிச்சுருள், வழக்கமாகச் செம்பிலோ அலுமினியத்திலோ சுற்றப்படுகிறது. எட்டு ஓம் ஸ்பீக்கரில் அந்தச் சுருளின் தடை ஏறத்தாழ 6 ஓம். உரக்க நெடுநேரம் பாடவிட்டால் அது 100 டிகிரியைத் தொடலாம். அப்போது தடை 2 ஓம் அளவுக்கு ஏறும். வெள்ளி மிச்சப்படுத்திய 0.0036 ஓமைப்போல் இது ஐந்நூறு மடங்கு.

“உயர்ந்த சுரங்கள் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடும், அதனால் வெள்ளிப்பூச்சு நல்லது” என்பார்கள். இதற்குத் தோல் விளைவு என்று பெயர். அலைவெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் விளிம்புக்கு ஒதுங்கும். ஆனால் காதுக்கு எட்டும் உச்சமான 20,000 அதிர்விலும் செம்பில் அதன் ஆழம் 0.46 மில்லிமீட்டர். ஸ்பீக்கர் ஒயரில் இதனால் கூடும் தடை எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன் அற்பம். ‘ஆக்சிஜன் நீக்கிய செம்பு’ என்ற முத்திரையும் இப்படித்தான். சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் அதற்கும் கடத்தும் திறனில் ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. சாதாரணச் செம்பில் உள்ள சொற்ப ஆக்சிஜன் மற்ற மாசுகளைப் பிடித்துக் கட்டிப்போட்டு உதவியே செய்கிறது.

வெள்ளி உண்மையிலேயே செம்பின் வேலையைச் செய்த காலம் ஒன்று உண்டு. 1942இல் அமெரிக்கா அணுகுண்டுக்காக யுரேனியத்தைப் பிரித்தெடுக்க ஓக் ரிட்ஜில் ராட்சத மின்காந்தங்களைக் கட்டத் திட்டமிட்டது. செம்பெல்லாம் போர்த் தளவாடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கருவூலத்தில் சும்மா கிடந்த வெள்ளியை ராணுவம் கடன் கேட்டது. டன் கணக்கில் கேட்ட அதிகாரியிடம், இங்கே வெள்ளியை அவுன்ஸில்தான் அளப்போம் என்றார்களாம். 13,000 டன்னுக்கு மேல் வெள்ளி சுருள்களாகச் சுற்றப்பட்டது. கடைசிப் பங்கு 1970இல் திரும்பியது, தொலைந்தது 0.04 சதவீதத்துக்கும் குறைவு. வெள்ளியைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் மேன்மையல்ல, செம்புக்கு வந்த தட்டுப்பாடு.

வீட்டுக்கு வேண்டியது உண்மையான செம்பு. மலிவு ஒயர்கள் சிலவற்றில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியிருக்கும். அதே பருமனில் அதன் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வெள்ளி தரும் லாபத்தைவிட இந்த நஷ்டம் பல மடங்கு பெரியது. இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, பயமில்லை. முனைகளில் களிம்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனைக்குத் தங்கப்பூச்சு நல்லது. தங்கம் சுமாராகக் கடத்தினாலும் கறுக்காது. வெள்ளியோ காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும்.

2.5க்குப் பதில் 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வாங்கினால் தடை 37.5 சதவீதம் இறங்கும். அதுவும் வேண்டாமா? ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் பக்கம் ஒரு சாணுக்குச் சற்று மேல் நகர்த்தி, மிஞ்சும் 27 சென்டிமீட்டர் ஒயரை நறுக்கிவிடுங்கள். ஐந்து மீட்டர் செம்பு ஒயர் அந்தக் கணமே ஐந்து மீட்டர் வெள்ளிக்குச் சமம்.