'சிப்': உறவும் சமாதானமும்

இன்றைய ஆங்கிலத்தில் 'காசிப்' எனில் வம்புப் பேச்சு. இச்சொல் பிறந்த இடமோ திருமுழுக்குத் தொட்டியின் அருகாகும். பழைய ஆங்கிலத்தில் 'காட்-சிப்' என வழங்கிய இதில் 'காட்' கடவுளையும் 'சிப்' உறவையும் குறிக்கும். ஞானப்பெற்றோராய் நின்றவருக்கும் குழந்தையைப் பெற்றவருக்கும் ஏற்படும் உறவே அது. நம் மணவுறவில் வரும் 'சம்பந்தி' என்பதை ஒத்தது எனலாம். திருச்சபை இதனை இரத்த உறவுக்கு நிகராய்க் கருதிற்று. 692-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய துருல்லோ சங்கம், குழந்தையின் விதவைத் தாயை ஞானத்தந்தை மணத்தலைத் தடைசெய்தது. யார்க் தலைமைப் பேராயர் உல்ப்ஸ்தான் 1014-ஐச் சார்ந்த தம் பிரசங்கத்தில், ஞானவுறவினரும் ஞானப்பிள்ளைகளும் கொல்லப்பட்டதை நாட்டின் கொடும்பாவங்களுள் ஒன்றாய் எண்ணினார். பின்னாளில் இச்சொல் பேறுகால அறையில் கூடிய தோழியரைக் குறித்து, அவர்தம் உரையாடலைக் குறித்து, வம்பில் வந்து முடிந்தது. அங்கே சொல் தேய்ந்தது. ஞானப்பெற்றோரை ஒரு நாள் சடங்குக்கு மட்டும் நிறுத்தும் நம் சபைகளில் உறவே தேய்கிறது.

வேர்ச்சொல்லாகிய 'சிப்' இன்னும் ஆழமானது. உறவு, சமாதானம் என இரு பொருளும் அதற்கு உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில், மத்தேயு 5:9-இன் சமாதானம் பண்ணுகிறவர்கள் இவ்வேரிலிருந்தே பெயர் பெற்றனர். நான்காம் நூற்றாண்டில் உல்பிலா செய்த கோத்திய மொழிபெயர்ப்பிலும் இதன் இனச்சொல் வருகிறது. மத்தேயு 5:24-இல் 'ஒப்புரவாகு' என்பதற்கு 'உறவாகு' எனப் பொருள்படும் வினையும், ரோமர் 9:4-இல் புத்திரசுவிகாரத்திற்கு இவ்வேரில் அமைந்த பெயரும் நிற்கின்றன.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைத்தல் ஆகாது. உறவே சமாதானம் எனில், உறவின் எல்லைக்கு அப்பால் சமாதானம் ஏது? குலப்பழி அம்மக்களிடையே வழக்கமாய் இருந்தது. 939 முதல் 946 வரை ஆண்ட எட்மண்டு மன்னர் அதனைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கோத்திய மொழியில் அக்கிரமக்காரனுக்கு வழங்கிய ஒரு சொல்லும் இதே வேரின் எதிர்மறையே: உறவுக்குப் புறம்பானவன்.

மாற்கு 15:28 மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லாத வசனம். கோத்திய வேதத்தில் அது உள்ளது. சிலுவையில் ஆண்டவர் யாரோடு எண்ணப்பட்டார் என்று கூறுமிடத்தில் அங்கே நிற்பது அந்தச் சொல்லே.